ஏழு நாள் தடை

"ஏழு நாள் தடையா? பாவம்டி, அந்தப் பொம்பளை தெரியாமப் பண்ணிட்டா" என்று கெஞ்சினாள் இந்திராணி.

மகள் சிந்து மசியவில்லை. கரோல் பாக் வீட்டிலிருந்தே ஆன்லைன் லூடோ குழுவை நடத்தும் அட்மின் அவள்.

"ஒருத்தரோட பேர், போன் நம்பர், அட்ரஸ் எல்லாத்தையும் மூவாயிரம் பேர் பார்க்கப் போட்டா சும்மா விடறதா? யாரா இருந்தாலும் ஒரே ரூல்தான்."

"பெத்த அம்மாவுக்குமா? நல்ல வரன் வரட்டும்னுதானே உன் ஜாதகத்தைப் போட்டேன்!"

"நல்லவேளை, இன்னொரு அட்மின் ஜெயந்த் அதை உடனே நீக்கிட்டார். என் நம்பரைக்கூடக் குறிச்சுக்கலை."

இந்திராணியின் முகம் மலர்ந்தது. "அச்சா! அவ்வளவு நல்ல பையனா? என்ன நட்சத்திரமாம்?"

"ரோகிணி" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் சிந்து. "ஐயோ, இதையும் குரூப்ல போட்டுடாதேம்மா!"