ஒரே வரி

"தரணிண்ணா, எங்க நைனாவுக்கு இன்னிக்கு என்னா வேணுமாம், பாத்துக் குடு. நான் போயி சோறாக்கணும்."

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ரூபா, ஒரு துண்டுச் சீட்டைக் கடைப் பலகையில் வைத்தாள். தரணி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான்.

"என்னா வேணும்னு நீயே படிச்சி சொல்லேம்மா."

"தெலுங்கு வரும், இங்கிலீஷ் வரும். தமிழ் எழுத்து வராதுண்ணா. நீ தமிழ்நாட்டுல, பேர்ணாம்பட்டுல படிச்ச ஆளாச்சே."

வராதுதான். ஆந்திராவுக்குள் இருக்கும் இந்த எல்லை ஊரில், ஆறு வயதில் அவளைத் தெருக்கோடித் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்து, தூரத்து இங்கிலீஷ் மீடியத்தில் போட்டவரே நைனா முனியப்பன்தான். "நம்ம எழுத்தும் ரெண்டு வருசம் படிக்கட்டுமே" என்று பெண்டாட்டி கெஞ்சினாள். "தமிழு வூட்ல பேசினா போதும். நாளைக்கு அதுவா சோறு போடும்?" என்று வாயை அடைத்துவிட்டார்.

கூலிக்குப் போகிற மனுஷன் வேறென்ன நினைப்பார்? அவர் நினைத்தபடியே மகள் இன்று குப்பம் டவுன் பக்கத்துக் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பாவம், அவருக்குக் குரலும் போய்விட்டது. தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான தமிழில் எழுதிக் காட்டித்தான் காலம் ஓடுகிறது.

"டெய்லி காலையில பக்கத்து வூட்டு சென்னம்மாக்கா படிச்சி சொல்லும்ணா. இன்னிக்கு அங்க போறதுக்குள்ள பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சிட்டான். பஸ்ஸ வுட்டா அரை நாள் லீவு போட்டுருவாங்க. என்னா பெருசா கேக்கப்போறாரு, சாயந்தரம் உன்கிட்ட காட்டிக்கலாம்னு பையில போட்டுக்கினேன்."

தரணி கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை எடுத்தான்.

"ரொட்டி, பாலு, மாத்திரைன்னு வரிசையா ஏழெட்டு எழுதுவாரு. இன்னிக்கு ஒரே வரியோட நிறுத்திக்கினாரு" என்று சிரித்தாள்.

அவன் ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவையும் படித்தான்.

"காலையில நைனா எப்டி இருந்தாரும்மா?"

"சோத்து டப்பா மேல சீட்ட வச்சிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினு இருந்தாரு. தூங்கறாருன்னு எழுப்பல. மத்தியானம் துன்னுட்டு ஒரு மிஸ்டு கால் குடுப்பாரு, இன்னிக்கு அதுவும் இல்ல. ஏண்ணா, உன் கடையில இல்லாத சாமானா?"

தரணி கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

"வண்டில ஏறும்மா."

"என்னா எழுதிகீறாருன்னு சொல்லுண்ணா."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நெஞ்சு வலிக்குது, இன்னிக்கு வேலைக்குப் போவாதம்மான்னு எழுதிகீறாரு."