அரை டம்ளர் காப்பி

முப்படைத் தலைமைத் தளபதி தேவசகாயத்துக்கு அவர் மனைவி எஸ்தர் எப்போதும் அரை டம்ளர் காப்பிதான் ஊற்றுவாள். அதற்கு மேல் ஊற்றினால் கை நடுக்கத்தில் சட்டையெல்லாம் சிந்திக்கொள்வார்.

அன்று காலை, மருத்துவர் கொடுத்த மாத்திரை அட்டையை அவர் முன் வைத்தாள். "இதப் போட்டா நடுக்கம் நின்னுருமாம். இனி நிறைய ஊத்தித் தாரேன்."

அவர் அதைத் தொடவில்லை.

போர் தொடங்க வேண்டுமானால், தலைமைத் தளபதி தன் உள்ளங்கையை ஏவுகணை இயந்திரத்தின் கண்ணாடிப் பலகையில் வைக்க வேண்டும். கை நடுங்கினால், மனிதர் தயங்குகிறார் என்று எடுத்துக்கொண்டு இயந்திரம் ஏவுகணைகளை நிறுத்திவிடும். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த யாருக்கும் கை நடுங்கியதில்லை. ஒவ்வொருவர் காலத்திலும் ஒரு போர் நடந்தது. இவர் இருமுறை கை வைத்தும் போர் வரவில்லை. நிதானமான மனிதர் என்று நாடே கொண்டாடியது. தேவாலயத்தில் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள்.

"எஸ்தர், அந்த ரெண்டு தடவையும் எனக்குத் தயக்கமே கெடையாது. அடிச்சே தீரணும்னுதான் கைய வச்சேன். இந்த வியாதிதான் தடுத்துட்டு."

அவள் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாள். "மறுபடியும் வைக்கச் சொன்னா?"

"அப்பவும் அடிக்கணும்னுதான் வைப்பேன். என்னைய எனக்குத் தெரியும்."

எஸ்தர் எழுந்துபோய் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு வழக்கம்போல அரை டம்ளர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.