பதினோரு அடி

"மார்ட்டே, உன் பூட்ஸ் மறுபடியும் நடையில என் கால்ல மாட்டுது."

"அப்புறம் எடுக்கறேன், ராங்ஹில்ட்."

"இப்பவே எடுடி. நாற்காலி மேசைக்கடியில, கத்தி இடது இழுப்பறையில. எத்தனை தடவை சொல்றது?"

பெர்கன் நகரத்து மரவீடு ஒன்றில் நாங்கள் இருவரும் குடியேறியதிலிருந்து மூன்று மாதமாக இதே பாட்டுதான். வீடா, சிறையா என்று முணுமுணுத்தபடி கணப்புச் சாம்பலைக் கைக்குக் கிடைத்த அட்டைப்பெட்டியில் கொட்டி, அங்கேயே வைத்தேன். பூட்ஸை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் இழுத்தது.

இருமல்தான் எழுப்பியது. சாம்பலில் கங்கு இருந்திருக்கிறது. அறை முழுக்கக் கரும்புகை. என் கையே எனக்குத் தெரியவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று புரியாமல் சுவரைப் பிறாண்டினேன். கத்த வாய் திறந்தால் புகைதான் உள்ளே போனது. செத்தோம் என்று நினைத்தபோது ஒரு கை என் மணிக்கட்டைப் பற்றியது.

"குனிஞ்சு வா. பதினோரு அடி, அப்புறம் வலது பக்கம். கையை விட்டுடாத."

ராங்ஹில்ட் எங்கேயும் தயங்கவில்லை. வாசல் பக்கத்தில் மட்டும் எதிலோ இடறி, முழங்கால் சிராய்க்க விழுந்து எழுந்தாள்.

வெளியே பனியில் உட்கார்ந்து நடுங்கினோம். தீயணைப்பு வீரர் அவளுக்குப் போர்வை போர்த்தினார்.

"இந்தப் புகையில எங்களுக்கே வழி தெரியல. நீங்க எப்படிம்மா வந்தீங்க?"

ராங்ஹில்ட் குரல் வந்த பக்கமாகத் திரும்பினாள்.

"பிறந்ததிலேர்ந்தே எனக்குக் கண் தெரியாதுங்க. இந்த வீட்டுல எது எங்க இருக்கும்னு எனக்கு அத்துப்படி. இவ பூட்ஸைத் தவிர."