கசப்பு எடுக்கும் மெஷின்

செம்மறியாட்டைத் தரதரவென்று இழுத்துவந்து சபினோ வீட்டு வாசலில் கட்டினான் நிகானோர். தெருவே கூடி நின்று பார்த்தது. அதற்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால்கூட சபினோ தாங்கியிருப்பான்.

நிகானோரின் மகனுக்கு முதல் முடி வெட்டிய அன்று, கத்தரிக்கோல் பிடித்தவன் சபினோ. அவன் சீராகக் கொடுத்த ஆடு அது. அன்று முதல் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரு நாட்டில் எங்கள் ஹூலியாக்காவில் கூடப்பிறந்தவனோடு பேசாதவர்கள் உண்டு, கொம்பாத்ரேயோடு பேசாதவர்கள் கிடையாது. சீரைத் திருப்பிக் கொடுத்தால் அந்த உறவு செத்துப்போனதாக அர்த்தம்.

"எவ்வளவுக்குடா வித்தே?" என்றான் நிகானோர்.

"நான் எதையும் விக்கலை, கொம்பாத்ரே."

"அப்படிக் கூப்பிட உனக்கு வாய் கூசலை?"

விஷயம் இதுதான். கினோவா தானியத்தின் கசப்புத் தோலைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உரிக்கும் மெஷின் ஒன்றை இருவருமாக ஆறு வருடம் மண்டையை உடைத்துச் செய்திருந்தார்கள். உள்ளே சுழலும் தூரிகையில்தான் சூட்சுமம். தூரிகை சபினோவின் யோசனை, மற்றதெல்லாம் நிகானோர். கினோவா உரிக்க மூட்டையோடு வருகிறவர்கள் நிகானோரின் கொட்டகைக்கு வெளியே நிற்க வேண்டும். மெஷின் மேல் எப்போதும் ஒரு கம்பளி கிடக்கும்.

மெஷின்களை நாடு முழுக்க விற்க வேண்டும், அதற்கு முதலில் காப்புரிமை வேண்டும் என்றான் நிகானோர். சபினோவுக்கு அது பிடிக்கவில்லை. கம்பளியே போதும், லிமாவில் இருக்கிற முன்பின் தெரியாதவர்களிடம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று முனகினான். ஒரே பெயர் என்றால் வேலை சுலபம் என்று லிமா ஏஜென்ட் சொன்னதால் விண்ணப்பத்தில் நிகானோர் பெயர் மட்டும் போனது. அதற்கு சபினோ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தன் பெயர் இல்லாத வயிற்றெரிச்சல்தான் கம்பளியே போதும் என்று அவனை முனகவைக்கிறது என்று நிகானோர் நினைத்துக்கொண்டான்.

காப்புரிமைச் செலவுக்குத் தன் வேனை விற்றான். மூன்று வருடம் அலைந்தான். 'புரியவில்லை, விளக்கமாக எழுதவும்' என்று ஆபீஸ்காரர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய, ஒரு மூட்டை கினோவாகூட அலசிப் பார்க்காதவர்களுக்காகத் தூரிகைக் கம்பியின் தடிமன் வரைக்கும் அளந்து எழுதி, படமும் போட்டுக் கொடுத்தான். கடைசியில் முத்திரை குத்திய சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.

முதல் மெஷினை விற்பதற்குள்ளாகவே, எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பொலிவியாவின் தெசாக்வாதேரோ சந்தையில் அதே மெஷின் விற்பனைக்கு வந்துவிட்டது. அதே தூரிகை, அதே சாய்மானம், அச்சு அசல். நிகானோரின் கொட்டகைக்கு மூட்டை வருவது நின்றது. கம்பளிக்கு அடியில் இருப்பதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான், அதில் ஒருவன் நிகானோர்.

ஊருக்கே குமட்டியது. சபினோ மனைவியின் காய்கறிக் கடைப் பக்கம் யாரும் போகவில்லை. வாய்ச்சண்டைக்குக்கூட நிற்காமல், ஒரு வாரத்தில் சபினோ மலைமேல் தங்கச் சுரங்கத்துக்கு மண் சுமக்கப் போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சு என்றார்கள்.

நிகானோர் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடி ஒரு போலீஸ்காரரையும் கூட்டிக்கொண்டு தெசாக்வாதேரோ போனான். பாலத்தின் நடுவில் போலீஸ்காரர் நின்றுவிட்டார்.

"என் அதிகாரம் இதோட சரி. உங்க பேட்டன்டும்தான். அந்தப் பக்கத்துக்குத் தனியா வாங்கியிருக்கணும்."

ஐம்பது தப்படி ஆறு. இரண்டு கரையிலும் ஒரே தானியம், ஒரே பேச்சு, பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மூன்று வருடம் அலைந்து வாங்கிய முத்திரை பாதி ஆற்றில் செல்லாக் காசாகிவிடுமாம். ஒவ்வொரு காகிதத்துக்கும் கை நீட்டி வாங்கிய ஏஜென்ட் இதை மட்டும் சொல்லவில்லை. நிகானோர் ஆற்றைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத் தனியாக நடந்தான்.

கடைக்காரி பிரிமித்திவா தொப்பியைக்கூடக் கழற்றாமல் வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தாள். அவன் யார் என்று தெரிந்ததும் பதறவில்லை, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

"மெஷின் போனாப் போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இதோட சூட்சுமத்தை உங்களுக்கு வித்தது யாரு? சபினோதானே?"

"யாரும் விக்கலையே, ஐயா. எங்க பட்டறைக்காரர் இதைப் பார்த்துத்தான் செஞ்சாரு." மேஜைக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். "உங்க அரசாங்கமே இன்டர்நெட்ல போட்டிருக்கு. பேட்டன்ட் குடுத்தா ஊருக்கே காட்டணுமாம், அதான் சட்டமாம். நல்லா விளக்கமா எழுதியிருக்கு. ஒரே மாசத்துல செஞ்சு முடிச்சுட்டாரு."

முதல் பக்கத்தில் லிமா முத்திரை. அதன் கீழே நிகானோரின் முழுப் பெயர். புரட்டினால் அவன் போட்ட படங்கள், அவன் அளந்து எழுதிய தூரிகை. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பாவம், ஆள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே என்று பிரிமித்திவா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிவரியாக விரலை ஓட்டித் தேடினாள்.

"இதுல சபினோன்னு ஒரு பேரே இல்லையே, ஐயா."