ஆறாவது இடம்

அமுதவல்லியின் குழந்தைக் காப்பகத்தில் காலியாக இருந்த ஒரே இடம், கார் வைத்திருக்கும் கோபிநாத்தின் மகளுக்குப் போய்விட்டது.

செய்தி காதில் விழுந்ததும், கொளஞ்சி தன் இரண்டு வயது மகன் செம்மலை இடுப்பில் தூக்கிக்கொண்டு, முத்தியால்பேட்டை வெயிலில் அமுதவல்லியின் வீட்டை நோக்கி நடந்தாள்.

அந்த இடம் அவளுக்கு எவ்வளவு தேவை என்பது தெருவுக்கே தெரியும். காந்தி வீதித் துணிக்கடை ஒன்றில் அவளுக்கு வேலை. அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் திருமணமாகிப் போய்விட்டாள். கணவன் வெற்றிச்செல்வனுக்குக் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வரும். பத்து நாள் விடுப்புக் கொடுத்த முதலாளி, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மற்ற இடங்களை அவள் பார்க்காமல் இல்லை. ஒன்றில் இருபது குழந்தைகளுக்கு இரண்டே பெண்கள். பகல் முழுவதும் டி.வி. ஓடியது. இன்னொன்றில் மூன்று வயது நிரம்பினால்தான் சேர்ப்போம் என்றார்கள்.

அமுதவல்லி அப்படியல்ல. ஆறு குழந்தைகளுக்கு மேல் சேர்க்க மாட்டாள். சேர்க்கும் முன், தானே குழந்தையின் வீட்டுக்கு வந்து பார்ப்பாள்.

"பொண்ணு பாக்கவா வர்றாங்க? சொல்லு, பஜ்ஜி போட்டு வைக்கிறேன்" என்று வெற்றிச்செல்வன் கிண்டல் செய்தான்.

போன வாரம் வந்தாள். ஒற்றை அறை வீடு; குறுக்கே கொடியில் ஈரத்துணி. எதையும் அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வாங்கிய தம்ளரைத் தான் குடிக்காமல் குழந்தையின் கையில் கொடுத்தாள். செம்மல் அதை அப்படியே அவள் மடியில் கவிழ்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தான்.

கொளஞ்சிக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்டபடியே முந்தானையால் துடைத்துவிட்டாள். அமுதவல்லி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.

மறுநாள் அவள் கோபிநாத் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி சந்திரகலா காய்கறி வண்டியருகே நிற்கும்போதெல்லாம் ஒரே பெருமை பேசுவாள்: தன் மகள் இனியா அடம்பிடிக்க மாட்டாள், உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள், அவள் இருக்கும் சத்தமே கேட்காது.

அப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்வது எளிது. கூடவே கார் வேறு இருக்கிறது. தெருவே இப்படித்தான் பேசியது, கொளஞ்சியும் நம்பினாள்.

கதவைத் திறந்த அமுதவல்லி, பிள்ளைகள் இப்போதுதான் தூங்கினார்கள், மெதுவாகப் பேசு என்று சைகை காட்டினாள். கொளஞ்சி அந்த நிலையில் இல்லை.

"கார்ல வந்து எறங்குற புள்ளதான் வேணும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா. எதுக்கு எங்க வூட்டுக்கு வந்து பாத்தீங்க?"

அமுதவல்லி உள்ளே திரும்பி, பிள்ளைகள் விழித்துவிட்டார்களா என்று பார்த்தாள்.

கொளஞ்சியின் குரல் இறங்கியது. ஏழாவதாகவாவது சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சினாள். முடியாது என்றாள் அமுதவல்லி. போன வருடம் ஒரு தாய் அழுததற்கு இரங்கி ஏழாவது குழந்தையைச் சேர்த்ததையும், ஒன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது இன்னொன்று தண்ணீர் வாளிக்குள் தலைகுப்புற விழுந்ததையும் சொன்னாள். அந்தக் குழந்தை பிழைத்தது. அமுதவல்லிக்குத்தான் இன்னமும் அது கண்ணில் நிற்கிறது.

"சேலையில தண்ணி ஊத்திட்டான்னு கோவமா? அவனுக்கு இன்னாக்கா தெரியும், ரெண்டு வயசு."

"கோவம் இல்ல கொளஞ்சி. எந்த வூட்டுக்குப் போனாலும் தம்ளரப் புள்ள கையிலதான் குடுப்பேன். கொட்டாத புள்ள கெடையாது. கொட்டுனதும் அது இன்னா பண்ணுதுன்னு பாக்கத்தான் குடுக்கறதே. இவன் சிரிச்சான். வூட்ல யாரும் இவன்மேல கை வச்சதில்லன்னு தெரிஞ்சிக்கிட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா?"

அமுதவல்லி வாசலுக்கு வந்து, கதவைத் தன் பின்னால் சாத்தினாள்.

"இனியா வூட்லயும் குடுத்தேன். அந்தப் புள்ளயும் கொட்டுச்சு. யாரும் அதட்டல. ‘பரவால்லடா செல்லம்’னுதான் அம்மாக்காரி சொன்னா. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள அது ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கிச்சு. அப்பன் எழுந்து துணி எடுக்கப் போனான். அதப் பாத்து இன்னும் சுருண்டுடுச்சு."

கொளஞ்சி செம்மலை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் காட்டிக்கல. கேட்டா புள்ளய அனுப்ப மாட்டாங்க. காலைல எட்டு மணிலேர்ந்து சாயங்காலம் வரைக்குமாவது அது எங்கிட்ட இருக்கட்டும்னுதான்."

யாரைத் திட்டுவதற்காக அவ்வளவு தூரம் நடந்து வந்தாளோ, அவளைத் திட்ட இப்போது கொளஞ்சியால் முடியவில்லை. ஆனால் திங்கட்கிழமைக்கு முன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

"அப்ப, இவன நானும் அடிச்சி வளத்திருந்தா எடம் குடுத்திருப்பீங்களாக்கா?"

அமுதவல்லி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடுத்திருப்பேன்" என்றாள்.