வில் பிடித்த கை

ஓர் இசைப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரையும் ஒரு புகைப்படமும் குடியிருந்தன. இரண்டும் வயலின் கலைஞர் சௌந்தரவல்லியைப் பற்றியவை. இடது கையில் வில் பிடித்ததால் எந்த ஆசிரியரும் சேர்த்துக்கொள்ளாமல், தானே கற்று மேடையேறியவர் அவர். அதைச் சொல்லத்தான் கட்டுரையே பிறந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ," என்றது படம். "ஜனங்க என்னைப் பாத்துத்தான் இந்தப் பக்கத்துல நிப்பாங்க."

கட்டுரை பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பத்திகளை விட்டுக்கொடுத்தது. மிச்சமிருந்ததும் பொடியெழுத்தாகச் சுருங்கியது.

அப்புறம் வடிவமைப்பாளர் வந்தார். படத்தில் அம்மாள் பக்கத்தை விட்டு வெளியே பார்க்கிறாரே, உள்ளே பார்த்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று படத்தை இடவலம் மாற்றிப் போட்டார். வில் வலது கைக்குப் போய்விட்டது.

கட்டுரை படத்தைப் பார்த்து அலறியது. "அடப்பாவி! அவங்க பட்ட பாட்டையே இந்த ஆள் அழிச்சுட்டாரே! வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!"

"எதுக்கு? இப்பதான் நான் அம்சமா இருக்கேன்," என்றது படம்.

இதழ் வெளியானது. கடிதங்கள் குவிந்தன. படம் பிரமாதமாம். கட்டுரையில்தான் தப்பாம். அம்மாள் வலது கையால் வாசிப்பதுதான் கண்ணெதிரே தெரிகிறதே!

அடுத்த இதழின் ஒரு மூலையில், அதே பொடியெழுத்தில், "கட்டுரையில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி வந்தது.

எதிர்ப்பக்கம் முழுக்க அதே படம்.