மஞ்சள் விளக்கு எரிந்தால்

கலியாணசுந்தரத்துக்கு மூளை கொஞ்சம் அதிகம். அதை வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவரே சொல்லித்தான் காஜா பேராங் வட்டாரம் முழுக்கத் தெரியும்.

அந்த மூளைக்கு இப்போது வேலை வைத்தது அவருடைய மோரிஸ் மைனர். ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் ஆறு மாதத்துக்கு முன்பு வாங்கிய கார். போன மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயிலுக்கான மஞ்சள் விளக்கு எரியும். அணையாது. அவர் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, டாக்டர் தெர்மாமீட்டர் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஆயில் இருக்கும். விளக்கும் எரியும்.

"ஆயில் இருந்தா மட்டும் போதாது சார், அது என்ஜினுக்குள்ள ஏறணும்" என்பான் மெக்கானிக் நல்லையா. "விளக்கு எரிஞ்சா காரைத் தொடாதீங்க. மீறி ஓட்டினா என்ஜின் ஜாம் ஆயிடும். நீங்க ஆபீசுக்குப் போங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்."

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆபீஸ் போவார். சாயங்காலம் கார் வாசலில் நிற்கும், விளக்கு அணைந்திருக்கும். கூலி கேட்டால், "ஒரு வயரைத் தட்டிவிட்டேன், இதுக்கு என்ன கூலி?" என்று நல்லையா சிரிப்பான்.

கூலி வேண்டாம் என்கிற மெக்கானிக்! அங்கேதான் கலியாணசுந்தரத்துக்கு மூக்கில் வேர்த்தது.

மைல் மீட்டரைக் குறித்துவைத்தார். வீட்டுக்கும் பட்டறைக்கும் கூப்பிடு தூரம். மீட்டரோ ஒரே பகலில் பதினெட்டு மைல் ஏறியிருந்தது. டிரைவர் சீட் நான்கு விரற்கடை முன்னால் தள்ளியிருந்தது, நல்லையாவோ பனைமரம். ஆக, ஓட்டுகிறவன் வேறொரு குள்ளன். கடைசியாக, பானெட்டுக்குள் ஒரு கொண்டை ஊசி அகப்பட்டது.

"ருக்மணி! விளங்கிடுச்சு. நல்லையா ஆள் வச்சு நம்ம காரை சாப்பு டாக்சியா ஓட்டுறான். பர்மிட் இல்லாம ஆள் ஏத்துறான்! இதோ பாரு, பொம்பளைங்ககூட ஏறியிருக்காங்க."

பெண் பயணி என்ஜினுக்குள் எப்படி உட்கார்ந்தாள் என்று அவர் யோசிக்கவில்லை. பெரிய மூளைகள் சின்ன விஷயங்களில் இறங்குவதில்லை.

மனைவி ஊசியை வாங்கி, முந்தானையில் துடைத்து, தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். "நல்ல ஊசியாத்தான் இருக்கு. போலீசு கீலீசுன்னு போயிடாதீங்க. கொஞ்சம் பொறுங்க."

பொறுப்பதா? அடுத்த மாதம் சுதந்திரம். துரைமார் மூட்டை கட்டுகிறார்கள். ஆபீசில் தலைமைக் கிளார்க் நாற்காலி காலியாகிறது. பெரிய துரை இவர் பெயரைத்தான் எழுதியிருப்பதாகப் பேச்சு. இந்த நேரம் பார்த்து அவர் பெயர் ஒரு போலீஸ் வழக்கில் ஏறினால்? பதினேழு வருஷம் ஃபைல் சுமந்ததெல்லாம் அம்போ.

பொதுவாக அவர் போலீஸ் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதவர். முச்சந்தியில் போலீஸ்காரர் நிற்பார் என்று கம்போங் சிட்டி சந்து வழியாகத்தான் காரை விடுவார். அதைக் குறுக்கு வழி என்பார். அது ஒரு மைல் கூடுதல். ஆனால் இது மானப் பிரச்சினை.

வியாழக்கிழமை மறுபடி விளக்கு எரிந்தது. நல்ல பிள்ளையாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆபீசுக்கு அல்ல, நேரே ஸ்டேஷனுக்கு. இரண்டு பக்கப் புகார், அவரே டைப் அடித்தது, அடியில் கையெழுத்து. கார்ப்பரல் அப்பாசாமி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"முதல்ல ஆளைக் கையும் களவுமாப் பிடிப்போம் சார். படிக்கிறது அப்புறம்."

இருவரும் முச்சந்திக் காப்பிக்கடையில் காத்திருந்தார்கள். பத்தரை மணிக்கு மோரிஸ் வந்தது. கார்ப்பரல் கையை நீட்டினார். குலுங்காமல், கிரீச்சிடாமல் கார் ஓரங்கட்டி நின்றது. தன் காருக்கு இப்படியும் நிற்கத் தெரியும் என்பதே கலியாணசுந்தரத்துக்குப் புதிய செய்தி.

ஸ்டீரிங்கில் ருக்மணி. பக்கத்து சீட்டில், முழங்காலை மடக்கிக்கொண்டு நல்லையா.

"லைசென்ஸ் இருக்காம்மா?" என்றார் கார்ப்பரல்.

அவள் எடுத்து நீட்டினாள். "நேத்துதான் பாஸ் பண்ணினேன்."

"மொத தடவையே பாஸ் சார்! அக்கா ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்திருக்கணும்" என்றான் நல்லையா, பூரிப்போடு.

கலியாணசுந்தரம் கார் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "அப்ப... அந்த விளக்கு?"

ருக்மணி கொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "நான்தான். ஆயில் வயரை இந்த ஊசியால இரும்போட சேர்த்துவிட்டா எரியும்னு தம்பி சொல்லிக்குடுத்தாரு. எரியிற அன்னிக்காவது நீங்க காரைத் தொட மாட்டீங்களே. இனிமே தினமும் நானே ஆபீஸ்ல கொண்டுபோய் விடுறேன்."

"ஏன், நான் தொட்டா என்ன?"

அவள் கார்ப்பரலை ஒரு பார்வை பார்த்தாள். "வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டிய மனைவியைக் கள்ள டாக்சிக்காரனாக்கி இரண்டு பக்கம் டைப் அடித்திருக்கிறார்! "கார்ப்பரல், அந்தப் புகாரைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார்.

அப்பாசாமி காகிதத்தை வெளியே எடுத்தார். கிழிப்பதற்கு முன் கண்ணை ஓட்டினார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"'ஆறு மாதமாக நாள் தவறாமல் நானே என் கையால் ஓட்டிவரும் கார்'னு போட்டிருக்கீங்க. கையெழுத்தும் இருக்கு. எழுதிக் குடுத்ததைக் கிழிக்க முடியாது சார், ஒழுங்கா முடிச்சுடுவோம்." அவர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "உங்க லைசென்ஸைக் குடுங்க, நம்பர் எழுதிக்கிறேன்."

ருக்மணி கண்ணை மூடிக்கொண்டாள்.

நான்கு முறை டெஸ்டில் கோட்டை விட்ட கலியாணசுந்தரம், ஆறு மாதமாக லைசென்ஸ் இல்லாமலேதான் ஓட்டிக்கொண்டிருந்தார்.